நீலப்பூ எல்லாம் காசினி இல்லை

போன மாதம் ஒரு அம்மச்சி மஞ்சப்பையோடு என் சித்த வைத்தியசாலைக்கு வந்து, அதை அப்படியே என் மேசைமேல் கவிழ்த்தார். வதங்கிய செடிகள், நாலைந்து கைப்பிடி இருக்கும்.

"மக்களே, இது காசினிதானே? ஆறு நாளா அவருக்கு இதத்தான் பிழிஞ்சு குடுக்கேன். கண்ணுல மஞ்சள் எறங்கல்லியே."

"அவர்" வெளியே ஆட்டோவில் சாய்ந்து கிடந்தார். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. கண் மஞ்சளாக மட்டும் இல்லை, ரத்தம் கட்டியதுபோல் சிவந்தும் இருந்தது. கெண்டைக்காலை லேசாக அழுத்தியதும் கத்திவிட்டார். முந்தைய நாளிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. உட்கார்ந்து நாடி பார்க்கிற நேரமா அது? சீட்டு எழுதி, அதே ஆட்டோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் பட்டு வருவது. டயாலிசிஸ் வரைக்கும் போய்த்தான் பிழைத்தார்.

பையில் இருந்ததும் கல்லீரலுக்கு மருந்தாகச் சொல்லும் காசினிச் செடி இல்லை. இந்த மழைக்கு என் மேசைக்கு வந்த மூன்றாவது பை அது.

எல்லாவற்றுக்கும் மூலம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம். அழகான வானநீலப் பூ, கீழே "கல்லீரலைக் காக்கும் காசினி, உங்கள் வேலியோரத்திலேயே" என்று வரி. படத்தில் இருப்பது அசல் காசினிதான், அதில் தப்பில்லை. வேலியோரம் என்பதுதான் பொய். சிக்கோரியம் இன்டிபஸ் என்ற இந்தச் செடி ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கத்துச் சொந்தக்காரன். இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் வயலில் பயிர் செய்கிறார்கள். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை என்று இத்தனை வருடம் சுற்றியும், தானாக முளைத்த ஒரு காசினியை நம் குமரி மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் அம்மச்சி பறித்தது எது? ரப்பர் தோட்டத்தில் கால் வைக்கிற இடமெல்லாம் நிற்கும் களை, அஜெரேட்டம். மலையாளத்தில் நாய்த்துளசி என்பார்கள். இதற்கும் வெளிர்நீலப் பூ, இதுவும் சூரியகாந்திக் குடும்பம். ஒற்றுமை அத்தோடு முடிந்தது. சரி, ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துவிட்டது. காசினிப் பூ ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் அகலம். பட்டையான இதழ்கள், ஒவ்வொரு இதழின் நுனியிலும் ஐந்து பல். காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். தண்டை ஒடித்தால் பால் வரும். பெரிய இலைகள் எல்லாம் தரையோடு வட்டமாகப் படுத்திருக்கும். நாய்த்துளசிக்கு இதழே கிடையாது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூந்தலைகள், நூல்நூலாக, கொத்துக்கொத்தாக நிற்கும். தண்டு முழுக்க ரோமம், ஒடித்தால் பால் வராது. இலைகள் எதிரெதிராக இருக்கும். கசக்கி மோந்து பாருங்கள், கிடா வாடை அடிக்கும். வாடையை மோந்தபிறகும் "காசினி இப்படித்தான் இருக்கும்போல" என்று பிழிந்து கொடுக்கிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

நாய்த்துளசியைக் குடிப்பதில் எனக்குப் பயம் வேறு. அதில் பைரோலிசிடின் என்ற வகை ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைப்பதுதான் அவற்றின் வேலை. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் 2000-களில் வயிறு வீங்கிப் பலர் இறந்தபோது, தானியத்தில் கலந்துபோன இதே களையைத்தான் ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். கல்லீரலுக்கு மருந்து என்று கல்லீரலைக் கெடுப்பதைக் குடிக்கிறோம். (பால்வெட்டுக் கத்தி பட்ட காயத்தில் இதைக் கசக்கி வைக்கிற பழக்கமும் உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.) "பச்சிலைதானே டாக்டரே, என்ன செய்யப்போகுது" என்கிறார்கள். அரளியும் பச்சிலைதான்.

காசினியை நான் குறை சொல்லவில்லை. சித்தத்திலும் யூனானியிலும் அதற்கு மரியாதையான இடம் உண்டு. விதை, வேர், இலை மூன்றும் மருந்துதான். யூனானியில் விதையையும் வேரையும் சர்பத்தில் சேர்ப்பார்கள், ஆவியாக்கி வடிக்கும் வாலைவடி நீராக 'அர்க் காஸ்னி' எடுப்பார்கள். இலையின் கசப்பு பசியைத் தூண்டும், பித்தநீரைச் சுரக்க வைக்கும். மந்தத்துக்கும் வயிற்று உப்புசத்துக்கும் ஐரோப்பாவிலும் வேரைக் காலங்காலமாகக் குடித்து வந்திருக்கிறார்கள். வேரில் உள்ள இனுலின் என்ற நார்ச்சத்து மலம் சீராகப் போக உதவும், நாளைக்கு 12 கிராம் எடுத்தால் பலன் தெரியும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஒப்புக்கொண்டது. முதல் நாளே அவ்வளவும் எடுத்தால் வயிறு கடமுடா என்று கத்தும், அது வேறு கதை.

காபித்தூளில் இருக்கும் சிக்கரி இந்தச் செடியின் வேர்தான். "அப்போ ரெண்டு டம்ளர் கூடுதலா குடிக்கலாமே?" என்று கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர்! கருக வறுத்துப் பொடித்த வேர் நிறத்துக்கும் கசப்புக்கும் சேர்ப்பது சார், மருந்துக்கு இல்லை. வறுக்கும்போது இனுலினில் நிறைய சிதைந்துவிடுகிறது.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் காமாலை என்பது ஒரே நோய் இல்லை, ஓர் அடையாளம். கிணற்றுத் தண்ணீர் கெட்டு வரும் மஞ்சள்காமாலை வைரஸாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், பித்தப்பைக் கல் குழாயில் சிக்கியதாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், கணையத்தில் கட்டியாகவும் இருக்கலாம். வைரஸ் வகையில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும், பெயரை இலை வாங்கிக்கொள்ளும். எலிக்காய்ச்சலில் ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம், ஆறு நாள் போனால் சிறுநீரகம் போகலாம். கல் அடைத்திருக்கும்போது பித்தநீரைத் தூண்டும் அசல் காசினியே ஆகாது. சித்த மருத்துவம் பார்க்கிறவளே ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்புகிறாளே என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

தயவுசெய்து இவ்வளவு மட்டும் கேளுங்கள். கண் மஞ்சளானால் அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கூடவே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் வெளுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டத்துச் சேற்றிலும் வயலிலும் இறங்குகிறவர்கள் காலில் காயத்தோடு இறங்காதீர்கள், மருத்துவரிடம் தோட்டவேலை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். காசினி வேண்டுமென்றால் பறிக்க வேண்டாம், நாட்டு மருந்து விற்கும் அங்காடிக்கடையில் விதையாக வாங்கி மருத்துவரிடம் காட்டி அளவு கேளுங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சாமந்திப் பூ பட்டால் தடிக்கிறவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

செடியைக் காட்டத்தான் வருகிறீர்கள் என்றால் வாருங்கள், நான் பீஸ் வாங்குவதில்லை. ஆனால் பையில் திணித்துக் கசக்கிக் கொண்டுவராதீர்கள். ஒரே ஒரு செடி போதும், வேரும் இலையும் பூவுமாக, பழைய பேப்பரில் விரித்து வைத்து, குடிப்பதற்கு முன்னால்.