மெலியாய்டோசிஸ்: கழுதை எங்கிருந்து வந்தது?

மெலியாய்டோசிஸ் ஒரு கிருமித்தொற்று நோய். இந்தச் சொல் கோலாலம்பூரில் பிறந்தது. ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912இல் விவரித்த நோய்க்கு, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921இல் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் 'மெலிஸ்' கழுதைக்கு வரும் ஒரு நோய், 'எய்டோஸ்' சாயல், 'ஓசிஸ்' நோய்நிலை. குதிரை, கழுதைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயைப் போல இருந்ததால் அப்படி அழைத்தார்கள்.

இதைச் சொல்லுக்குச் சொல் 'கழுதைநோய்ச் சாயல்' என்று தமிழாக்குவது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கேட்பவர் கழுதையைத் தேடுவார். கிருமி இருப்பதோ வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும். காலில் உள்ள சின்ன வெட்டுக்காயம் போதும், உள்ளே வந்துவிடும்.

வந்தபின் அது செய்யும் வேலைதான் நோயின் சூட்சுமம். நம் உடலைக் காக்கும் விழுங்கணு கிருமியை விழுங்கி, ஒரு சவ்வுப் பையில் அடைத்து, அமிலமும் நொதியும் விட்டுச் செரிக்கப் பார்க்கும். இந்தக் கிருமி ஊசி போன்ற சுரப்புக் கருவியால் தன் புரதங்களைச் செலுத்தி, செரிமானம் தொடங்குமுன் பையை உடைத்து வெளியேறும். பிறகு உயிரணுவின் சொந்த ஆக்டின் என்ற புரத இழைகளையே தன் ஒரு முனையில் வாலாகத் திரித்துக்கொள்ளும். வால் நீள நீள, கிருமி முன்னே தள்ளப்பட்டுப் பக்கத்து உயிரணுவின் சவ்வில் முட்டும். அங்கே வேறொரு கருவியால் இரு சவ்வுகளையும் ஒன்றாக இணைத்துவிடும். இப்படிப் பல உயிரணுக்கள் கலந்து, பல உட்கரு கொண்ட ஒரே பெரிய உயிரணு ஆகிவிடும். வெளியே வராமலே இடம் மாறும் கிருமியை எதிர்ப்பொருள் எப்படிப் பிடிக்கும்?

சிகிச்சை நீள்வதும் இதனால்தான். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். அதன்பின் கோ-டிரைமோக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தெரிந்து, அந்த மருந்திலேயே மாதங்கள் கழிவதும் உண்டு.

தமிழில் 'மண்சீழ் நோய்' எனலாம். நுரையீரல் அழற்சியாகவே அதிகம் வருவதால் 'சீழ்' முழுப் பொருத்தமில்லை. ஆனாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைப்பது இதன் அடையாளம். 'மண்' என்ற பாதி எச்சரிக்கையாகவும் நிற்கும். கிளினிக்கில் மட்டும் மெலியாய்டோசிஸ் என்றே கேளுங்கள். சேற்றில் இறங்கியதையும் இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கிருமியைத் தேடச் சொன்னால்தான் ஆய்வகம் அதற்குரிய வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும்.