ஷூ போட முடியாததால் நின்றுபோன மாத்திரை

வடக்கு லண்டன் டாட்டன்ஹாமில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கவுண்டருக்கு வருபவர்களில் கானா நாட்டவர் நிறைய. 1980களின் தொடக்கத்தில் வறட்சியும் விலைவாசியும் சேர்ந்து அடித்தபோது ஊரைவிட்டுக் கிளம்பிய தலைமுறைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பின்னால் வந்தவர்களில் பலர் முதியோர் இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். நம்மைப் போலவே மூத்த பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஆன்ட்டிதான். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

போன குளிர்காலத்தில் ஓர் ஆன்ட்டி தலைவலிக்கு பாரசிட்டமால் கேட்டு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 52. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து நேரே வந்திருந்தார், சீருடைக்கு மேல் கோட்டு. சற்று உட்காரவைத்து பிரஷர் பார்த்தேன். 176/104.

"மாத்திரை சாப்பிடுறீங்களா ஆன்ட்டி?"

"சாப்பிடுறேன்."

கம்ப்யூட்டரில் பார்த்தால், நான்கு மாதமாக அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை வாங்கவே இல்லை. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. "கால் வீங்குச்சா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஷூ போட முடியல. ஷூ இல்லாம எப்படி வேலைக்குப் போறது?" என்றார்.

ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு, சர்க்கரை நோய் இல்லையென்றால், இங்கே பிரஷருக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் அம்லோடிபின் வகை மாத்திரைதான். கணுக்கால் வீங்குவது அதன் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். ஆனால் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவரிடம் இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர் மாத்திரையை நிறுத்தியது அறியாமையால் அல்ல. ஒரு ஷிப்ட் போனால் அந்த மாதம் ஊருக்குப் பணம் போகாது.

இன்னொன்றும் சொன்னார். மிச்சமிருந்த இரண்டு பெட்டி மாத்திரையைக் கானாவின் குமாசி நகரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாராம். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அண்ணனின் இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பார்க்காமல் ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது ஆபத்து.

கானா நாட்டவரை மட்டுமே வைத்து நடந்த ரோடாம் ஆய்வு 2016இல் வெளியானது. உடல் பருமன் உள்ள ஆண்கள் கானா கிராமங்களில் 1.3 சதவீதம், லண்டனில் 21.4 சதவீதம். அதே மக்கள்தான், வாழ்க்கை மாறிவிட்டது. பகலில் தூக்கம், பஸ்ஸில் சாப்பாடு. ஊர் ருசிக்கு மொமோனி, கூபி என்ற உப்பு மீன்கள், குழம்பில் மசாலா கட்டி. கருவாடு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதை விடச் சொல்ல வாய் வராது. வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள், மீன் போடும் அன்று கட்டியும் உப்பும் வேண்டாம் என்கிறேன். இதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ராமிப்ரில் போன்ற, பெயர் '-ப்ரில்' என்று முடியும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கினால் தாமதிக்காமல் இங்குள்ள அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இந்த வீக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இங்கிலாந்தில் 40 வயதைத் தாண்டியவர்கள், பிரஷர் இருப்பதாக இதுவரை கண்டறியப்படாவிட்டால், பல மருந்துக்கடைகளில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 அக்டோபரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. தலைவலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் வராது. கவுண்டரில் நிற்கும் சக மருந்தாளுநர்களிடம் ஒரு வேண்டுகோள்: "ஏன் சாப்பிடல?" என்பதற்குப் பதிலாக, "சாப்பிட்டப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

அன்றே அவருடைய டாக்டரிடம் பேசினேன், மாத்திரை மாறியது. ஆறு வாரம் கழித்து ஆன்ட்டி வந்தார், 138/84. கூட வேலை பார்க்கும் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். எந்தத் தொந்தரவும் இல்லை, சும்மா வந்தேன் என்றார் அந்தப் பெண். அவருக்கு 168/98.