கன்ஸ்ட்ரக்டரில் டைப் பிழையா? காஸ்ட் போட்டு மூடாதீர்கள்

ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் பாரிஸில் காலை 9 மணி அடிக்கும்போது மொரீஷியஸில் பகல் 12. எபேன் சைபர் சிட்டியில் பிரெஞ்சு வாடிக்கையாளருக்கு ஜாவா எழுதுகிறவர்கள் அதற்குள் பில்டு கொடுத்துவிடத் துடிப்பார்கள். ரிவ்யூவில் என் கண்ணில் படும் மோசமான காஸ்ட்கள் (இந்த டைப்பை வேறு டைப்பாக எடுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்வது) பெரும்பாலும் அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் பிறந்தவை. அதிலும் ஜெனரிக் கிளாஸின் (எந்த டைப்புக்கும் பொதுவாக எழுதிய கிளாஸின்) கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி, என்றால் கேட்கவே வேண்டாம்.

அடிக்கடி வருவது இது. கிளாஸ் பெயருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே டி என்று டைப் பாராமீட்டர், அதாவது பின்னால் வரப்போகும் டைப்புக்கு ஒரு பெயர், இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னாலும் கோண அடைப்புக்குள் இன்னொரு டி போட்டுவிடுகிறார்கள். "டி#1ஐ டி#2ஆக மாற்ற முடியாது" என்கிறது கம்பைலர்.

"அண்ணா, ரெண்டும் டி தானே?" என்றார் சென்னையிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர்.

இல்லை. கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் எழுதியது அதே பெயரில் வந்த வேறு ஆள். எந்த டி எங்கே அறிவிக்கப்பட்டது என்று பிழைக்குக் கீழேயே கம்பைலர் சொல்லியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. இங்கே காஸ்ட் போட்டாலும் தீராது, காஸ்டில் எழுதும் டியும் கன்ஸ்ட்ரக்டரின் டிதான். உடனே சிலர் ஃபீல்டின் டைப்பையே, எதையும் ஏற்கும் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுகிறார்கள். அது வேண்டாம், கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் இருக்கும் அந்த அடைப்பையும் அதற்குள் இருக்கும் டியையும் அழித்தால் போதும்.

இதைவிட ஆபத்தானது லிஸ்ட். கன்ஸ்ட்ரக்டர் கேட்பது காப்பீட்டு ஒப்பந்தங்களின் லிஸ்ட். கையில் இருப்பது வாகன ஒப்பந்தங்களின் லிஸ்ட். வாகன ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், ஆனாலும் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டால் கன்ஸ்ட்ரக்டருக்குள் யாரோ அதே லிஸ்டில் ஒரு வீட்டு ஒப்பந்தத்தைச் சேர்த்துவிடலாமே! படிக்க மட்டும்தான் லிஸ்ட் வேண்டும் என்றால் பாராமீட்டரில் கேள்விக்குறி, எக்ஸ்டெண்ட்ஸ், ஒப்பந்தம் என்று எழுதுங்கள், எந்த வகை ஒப்பந்தமானாலும் சரி என்று அர்த்தம். ஜாவாவின் அர்ரேலிஸ்ட் கன்ஸ்ட்ரக்டரே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நம் ஆட்கள் செய்வது வேறு: உள்ளே என்ன டைப் என்று சொல்லாமல் வெறும் லிஸ்ட் என்று காஸ்ட். இதுதான் ரா டைப். ஜெனரிக்ஸ் 2004இல் ஜாவா 5உடன் வந்தபோது பழைய கோடும் ஓட வேண்டும் என்பதற்காக இந்த ரா டைப்பை விட்டுவைத்தார்கள். கம்பைல் ஆகும், ஒரு வார்னிங்கோடு. ஓடும்போது ஜாவாவுக்கு லிஸ்டுக்குள் என்ன டைப் இருக்க வேண்டும் என்று தெரியாது. கம்பைலர் அதை அழித்துவிட்டிருக்கும். வாகன லிஸ்டில் ஒரு வீட்டு ஒப்பந்தம் நுழைந்துவிட்டால், பிறகு பிரீமியம் ரிப்போர்ட் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷனில் (டைப் பொருந்தாத பிழையில்) விழும். விழுந்த வரியில் ஒரு குற்றமும் இருக்காது, ஆனால் எல்லாரும் அங்கேதான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சி ஷார்ப்பிலிருந்து வருகிறவர்கள் டி டைப்பில் புது ஆப்ஜெக்ட் உருவாக்க நேராக நியூ டி எழுதிப் பார்ப்பார்கள். ஜாவாவில் அது நடக்காது. கேட்டால் ஆப்ஜெக்டைத் தரும் சப்ளையர் ஒன்றைக் கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்புங்கள்.

அப்புறம், பில்டில் அன்செக்ட் வார்னிங்கை (டைப்பைச் சரிபார்க்க முடியவில்லை என்ற எச்சரிக்கையை) காட்டச் சொல்லி, வார்னிங் வந்தாலே பில்டு நிற்கும்படி வையுங்கள். தவிர்க்கவே முடியாத காஸ்டுக்கு வார்னிங்கை அடக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் குறியைப் போடலாம், ஆனால் அந்த ஒரு வேரியபிளின் மேல் மட்டும். கிளாஸின் தலையில் அதைப் பார்த்தால் நான் ரிவ்யூவைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.