லென்ஸில் கீறலா? தேய்க்காதீர்கள்

கேமரா பழுதுபார்ப்பதே என் தொழில். கீறல் விழுந்த லென்ஸைப் பார்த்தால் எனக்குப் பெரிய கவலை வருவதில்லை. அந்தக் கீறலைப் போக்குகிறேன் என்று பாடுபட்ட லென்ஸைப் பார்த்தால்தான் மனம் பொறுப்பதில்லை.

அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். "சின்னக் கோடுதான் அண்ணா இருந்தது. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார்கள்" என்றார். லென்ஸை வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு அந்த நிறமே இல்லை. ஆவி படிந்ததுபோல் வெளிறிக் கிடந்தது. அதற்குள்ளே அந்தக் கோடு அப்படியே இருந்தது.

அந்த ஊதாவும் பச்சையும்தான் லென்ஸின் பூச்சு. வெறும் கண்ணாடி, தன் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துக்கு மேல் கண்ணாடிகள் அடுக்கிய இன்றைய லென்ஸில் அது என்ன பாடு படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தடுக்கும் பூச்சுக்கு 1935இல் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வழிகண்டார். ஓர் அடுக்குப் பூச்சின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு. கறையைச் சுரண்டி எடுக்கவே பற்பசையில் பொடி சேர்க்கிறார்கள். அதன் முன் இந்தப் பூச்சு எம்மாத்திரம்? உலோகம் துலக்கும் பசையும் இதே வேலையைத்தான் செய்யும்.

சரி, கீறலை அப்படியே விட்டால் படம் கெடாதா? பெரும்பாலும் கெடாது. எதிரே உள்ள ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி முன்கண்ணாடி முழுவதும் பரவித்தான் உள்ளே நுழைகிறது. ஒரு மெல்லிய கோடு அதில் மிகச் சிறு பங்கைத்தான் மறிக்கும். அந்தக் கோடு ஃபோகஸிலும் இருக்காது என்பதால் படத்தில் கோடாக விழாது. தொல்லை தருவது வெளிச்சம் எதிரே இருக்கும்போதுதான். சூரியனோ விளக்கோ நேரே அடித்தால் கீறலில் ஒளி சிதறி, படம் வெளுக்கும். அகலக்கோண லென்ஸில் எஃப் 16, எஃப் 22 என்று (எஃப் எண் கூடக் கூட) ஒளி நுழையும் துளையைச் சுருக்கினாலும் சில நேரம் நிழல்போல் தெரியும். பின்கண்ணாடியில் விழுந்த கீறல் வேறு கதை. அது படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு அருகில் இருக்கிறது. ஒளியும் அங்கே குறுகி வருகிறது. அதைத் தொடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் லென்ஸை நீங்களே சோதிக்கலாம். இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி, அது சட்டகத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி வைத்து, எஃப் 4இல் ஒன்று, எஃப் 16இல் ஒன்று எடுங்கள். இரண்டிலும் குறை தெரியாவிட்டால் கீறலை மறந்துவிடலாம். வெளுப்புத் தெரிந்தால் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் மறைப்பு) போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளங்கையால் லென்ஸுக்கு நிழல் கொடுங்கள். வெளுப்பு பெரிதும் குறையும். முன்கண்ணாடி சிறிது பெயர்ந்து பள்ளமே விழுந்திருந்தால், ஊசிமுனையால் அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு மையை நிரப்புவது தொழிலில் பழைய வழக்கம். பள்ளத்தின் பளபளக்கும் சுவர்கள்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன. கறுப்பு அதை விழுங்கிவிடும். மயிரிழைக் கோட்டுக்கு இது வேண்டாம்.

நான் பார்க்கும் கீறல்களில் பெரும்பாலானவை சட்டை நுனியால் துடைத்து வந்தவை. மணல்துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. அதன்மேல் துணியை வைத்து அழுத்துவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு மென்தூரிகை. அதற்கும் போகாத கைரேகைக்கு மட்டுமே, லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள். கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

அந்த இளைஞரின் லென்ஸுக்கு முன்கண்ணாடியையே மாற்ற வேண்டியிருந்தது. கழற்றியதை அவர் அனுமதியோடு என் மேசையில் வைத்திருக்கிறேன். தேய்க்கலாமா என்று கேட்டு வருபவர்களின் கையில் அதைக் கொடுத்து, விளக்கடியில் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.