குண்டே இல்லாத துப்பாக்கி எப்படி அடுத்தடுத்துச் சுடுகிறது?

போர்த் தொடர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆயுதம் தெரிந்தவர்கள் குறைப் பட்டியலோடு வந்துவிடுவார்கள். இந்த டாங்கி அந்த வருடத்தில் கிடையாது, அந்தச் சிப்பாயின் தலைக்கவசப் பட்டை தப்பு என்று நீளும். ஒரு வாசகர் அனுப்பியிருந்த கேள்வி அந்த ரகம் இல்லை. "படப்பிடிப்பில் தோட்டா போலி என்கிறார்கள், சரி. ஆனால் துப்பாக்கி நிஜத் துப்பாக்கி மாதிரியே தடதடவென்று சுடுகிறதே, காலிக் கூடுகள் தெறித்து விழுகின்றனவே, அது எப்படி?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் திரையில் நாம் பார்க்கும் பல 'தப்பு'களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் (இடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. விசையை இழுத்தால் ஊசி பிரைமரில் இடிக்கும், மருந்து பற்றும், வாயு குண்டைத் தள்ளும், குண்டு முன்னே போக துப்பாக்கி பின்னே உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி, பள்ளியில் படித்ததுதான். வெற்றுத் தோட்டாவில் மற்ற எல்லாம் உண்டு, குண்டு மட்டும் கிடையாது. கூட்டின் வாயை மடித்து நசுக்கி மூடியிருப்பார்கள், அவ்வளவே.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வைத்திருந்த கார் 98கே, ஆங்கிலேயரின் லீ-என்ஃபீல்ட் போன்ற பழைய துப்பாக்கிகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு முறையும் சிப்பாயே கையால் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் உலோகக் கதவை, இழுத்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறார். குண்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

சிக்கல் அமெரிக்கச் சிப்பாயின் கையிலிருந்த எம்1 கேரண்டில் தொடங்குகிறது. ஜான் கேரண்ட் வடிவமைத்து, 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு குண்டு போகும், மற்ற வேலையைத் தானே செய்துகொள்ளும். 2001-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ வெளியிட்ட 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடரில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொடருக்காக ஓய்வுபெற்ற மரீன் கேப்டன் டேல் டை நடிகர்களைப் பத்து நாள் முகாமில் போட்டு வாட்டி எடுத்தார், துப்பாக்கியைப் பிடிக்கும் விதம் முதல் எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஆனால் நடிகருக்குக் கற்றுக்கொடுக்கலாம், துப்பாக்கிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேரண்ட் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குழலின் நுனிக்கு ஏறக்குறைய 4 செ.மீ. முன்பாக, அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அந்தத் துளையைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்காது, குழலை இறுக அடைத்துக்கொண்டு போகும் குண்டே மூடி. தாண்டிய கணத்தில் பின்னாலிருக்கும் வாயு துளை வழியே கீழே இறங்குகிறது. குண்டு அப்போது விநாடிக்கு ஏறக்குறைய 850 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, மீதி 4 செ.மீ.-ஐக் கடக்க அதற்கு ஒரு மில்லி விநாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். குண்டு வாயைவிட்டு வெளியேறியதும் வாயுவும் அதன் பின்னாலேயே ஓடிவிடும், அழுத்தம் சரிந்துவிடும். ஆக, முழு அழுத்தத்தில் வாயு கிடைப்பது அந்த இத்தனூண்டு நேரத்துக்குத்தான். அதற்குள் வாங்கிய உதையை வைத்துக்கொண்டு ஒரு நீண்ட எஃகுத் தண்டு பின்னோக்கிக் கிளம்புகிறது.

எனக்கு மயக்கம் தருவது அடுத்த படிதான். தண்டு கிளம்பிய உடனே போல்ட்டைத் திறக்கப் போவதில்லை. முதல் சில மில்லிமீட்டர் சும்மா நகர்கிறது. ஏன்? தோட்டா இருக்கும் அறையில் அழுத்தம் உச்சத்தில் காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல் போகும், அந்த நிலையில் கதவைத் திறந்தால் பித்தளைக் கூடு கிழிந்து சுடுபவர் முகத்துக்கே வரும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கும்வரை தண்டு காலம் கடத்துகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க உள்ளே மின்னணுச் சில்லு எதுவும் இல்லை, உலோகத்தில் வெட்டிய ஒரு பள்ளத்தின் நீளம்தான் கடிகாரம்! அப்புறம் அதே பள்ளம் சரிவாகத் திரும்பி போல்ட்டை முறுக்கிப் பூட்டைத் திறக்கிறது, போல்ட் பின்னே போகும்போது காலிக் கூட்டைப் பிடித்து இழுத்து வெளியே வீசுகிறது, ஸ்பிரிங் தள்ள முன்னே வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிப் பூட்டிக்கொள்கிறது. எட்டாவது தோட்டாவும் தீர்ந்தால் தோட்டாக்களைப் பிடித்திருந்த கிளிப்பும் 'டிங்' என்று எகிறி விழும்.

இப்போது வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். சத்தம் வரும், நெருப்பு வரும், அதோடு சரி. குழலை அடைக்கக் குண்டு இல்லாததால் வாயு முன்பக்கமாகத் தப்பி ஓடிவிடுகிறது, துளை வழியே இறங்கும் கொஞ்சநஞ்ச வாயுவுக்கு அந்தத் தண்டைத் தள்ளத் தெம்பு இல்லை. வெயிட் போடாத குக்கர் மாதிரி, ஆவி போய்க்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறாது. தீர்வும் அதேதான்: குழலின் வாயைக் கிட்டத்தட்ட அடைத்துவிட்டு ஒரு சின்ன ஓட்டை மட்டும் விடுவது. வாயு வெளியேறத் தடுமாறும், உள்ளே அழுத்தம் தங்கும், தண்டு ஏமாந்துபோய் 'ஓ, குண்டு போயிருக்கிறது போல' என்று தன் வேலையைப் பார்க்கும்.

ராணுவப் பயிற்சியிலும் இதே உத்திதான். அங்கே அடைப்பான் வெளியே தெரியும், சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்ற நிறத்தில் குழல் நுனியில் மாட்டியிருப்பார்கள், தெரிய வேண்டும் என்றே அந்த நிறம். படப்பிடிப்பில் அது தெரியக் கூடாது. அதனால் குழலுக்குள்ளேயே ஒளித்துவைப்பார்கள். அடைப்பின் அளவும் தோட்டாவின் மருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும் அல்லது உடையும். நீளம் இன்னொரு தலைவலி. கூர்முனைக் குண்டோடு கூடிய நீளத்துக்காகச் செய்த மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி), குண்டில்லாத குட்டைத் தோட்டா சரியாக ஏறாமல் சிக்கும். அதற்காகவே கூட்டை நீளமாக இழுத்துச் செய்த வெற்றுத் தோட்டாக்கள் உண்டு.

ஜெர்மானியரின் எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கி வேறு சாதி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 தோட்டா, இயக்குவது பின்னுதைப்பு. சுட்டதும் குழலே சற்றுப் பின்னே நகர்ந்து பூட்டைத் திறக்கும். குழல் நுனியில் இருக்கும் கூம்பு வெளியேறும் வாயுவைப் பிடித்துக் குழலைக் கூடுதலாகப் பின்னே தள்ளும். குண்டே இல்லையென்றால் உதைப்பு ஏது? ஆகவே அந்தக் கூம்பின் துளையைச் சுருக்கி, உதைப்பு செய்ய வேண்டிய வேலையை வாயுவின் தலையில் கட்டுகிறார்கள்.

அமெரிக்க அதிகாரிகளின் இடுப்பில் இருக்கும் கோல்ட் 1911 கைத்துப்பாக்கியின் கதை இன்னும் வேடிக்கை. அதன் .45 அளவு வெற்றுத் தோட்டா ஒழுங்காக வேலை செய்யாமல் படப்பிடிப்புகளில் பெரும்பாடாக இருந்த காலத்தில், கிட்டத்தட்ட அதே முகஜாடை கொண்ட, 9 மி.மீ. தோட்டா போடும் ஸ்பானிய ஸ்டார் மாடல் பி-ஐப் பல படங்களில் கொடுத்துச் சமாளித்தார்கள். பார்த்தவர்கள் 'துப்பாக்கியே தப்பு, இயக்குநருக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதித் தீர்த்தார்கள். தெரியாமல் இல்லை ஐயா, சரியான துப்பாக்கி சுட மறுத்தது! டாங்கிகளும் இதே கதைதான். 1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் ஜெர்மானிய டைகர் டாங்கிகள் சோவியத் டி-34 டாங்கிக்கு வேஷம் கட்டியவை. ஓடும் நிலையில் இருக்கும் நிஜ டைகர் இங்கிலாந்தின் பாவிங்டன் அருங்காட்சியகத்துச் சொத்து, அது 2014-இல் வந்த 'ஃப்யூரி' படத்தில்தான் தலைகாட்டியது. வேஷம் கட்டியதைச் சக்கர வரிசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, துப்பாக்கி ஏமாந்தது. தோள் ஏமாறுமா? கேரண்டின் குண்டு கிட்டத்தட்ட 10 கிராம், துப்பாக்கி 4.3 கிலோ. உந்தக் கணக்கைப் போட்டால் குண்டின் பங்கு மட்டுமே துப்பாக்கியை விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளும், வாயுவின் பங்கு தனி. குண்டு இல்லையென்றால் இதில் பெரும்பகுதி காணாமல் போகிறது. அதனால்தான் சில நடிகர்கள் கண்கூட இமைக்காமல், தண்ணீர்ப் பீய்ச்சி போலச் சுட்டுத் தள்ளுகிறார்கள். உதைப்பை நடித்துக் காட்ட வேண்டும், எல்லோருக்கும் அது வருவதில்லை.

நெருப்பும் பொய் சொல்கிறது. வெற்றுத் தோட்டாவில் பளிச்சென்று எரியும்படி மருந்தைச் சேர்ப்பார்கள், அதனால் திரையில் பட்டப்பகலில்கூட நெருப்பு ஆளுயரத்துக்கு வரும். அப்படி வந்தாலும் பிலிமில் அது பதிவாகும் என்று உறுதி இல்லை. பிலிம் கேமரா விநாடிக்கு 24 படம் எடுக்கும், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு படத்துக்கும் பாதி நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கும், மீதிப் பாதியில் பிலிம் நகரும். நெருப்பு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுவதால், மூடியிருக்கும் நேரத்தில் வந்தவை வந்த மாதிரியே போய்விடும். சுழலும் கண்ணாடி வைத்த கேமராக்களில் ஷட்டர் மூடியிருக்கும்போதுதான் ஒளி ஒளிப்பதிவாளரின் கண்ணுக்குத் திரும்பும். அதாவது வியூஃபைண்டரில் நெருப்பை அவர் அழகாகப் பார்த்தால் அது பிலிமில் இல்லை, பார்க்காவிட்டால் இருக்கிறது! டிஜிட்டல் கேமராவில் வேறு கோளாறு. பல சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், நெருப்பின் வெளிச்சம் படத்தின் பாதியில் மட்டும் பட்டையாக விழும்.

குறி பார்க்கத் தெரியவில்லை என்று நடிகர்களைத் திட்டுபவர்களுக்கும் ஒன்று. வெற்றுத் தோட்டாதானே என்று யாரும் துப்பாக்கியை எதிராளிக்கு நேராக நீட்டுவதில்லை, சற்றே விலக்கிப் பிடித்துக் கேமராக் கோணத்தில் சரிக்கட்டுவார்கள். காரணம் உண்டு. 1984-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் பொட்டில் வைத்து அழுத்தினார். குண்டு இல்லை, வாயுவின் விசையே மண்டையோட்டை உடைத்தது. பிழைக்கவில்லை.

1993-இல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 'தி குரோ' படப்பிடிப்பில் இறந்தபோது குடும்பத்துக்குச் சாபம் என்று ஒரு கதை கிளம்பியது, இன்றும் சுற்றுகிறது. எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரும். நெருக்கக் காட்சிக்காக நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் கொட்டிவிட்டு, பிரைமரை விட்டுவைத்து ஒரு காட்சித் தோட்டா செய்தார்கள். அந்தப் பிரைமரின் சின்ன வெடிப்பு குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்தியது. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, அதன் வாயு நின்றிருந்த குண்டை வெளியே தள்ளியது. நிஜத் தோட்டாவை இரண்டு தவணையில் சுட்ட கணக்கு. இடையில் ஒருவர் குழலுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். சாபத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் எட்டிப் பார்க்க வேண்டிய ஆளின் சம்பளத்தைச் சிக்கனம் பிடித்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை, அது சிலருக்கு வசதி.

2021-இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது நிஜத் தோட்டாவால். அதற்குப் பிறகு பல தயாரிப்புகள் சுடும் துப்பாக்கிகளையே விட்டுவிட்டு, அழுத்தப்பட்ட வாயுவில் போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும் பொம்மைகளுக்கு மாறின. நெருப்பையும் புகையையும் கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஒரு காட்சிக்காக யாரும் சாக வேண்டாம். ஆனால் கணினிக்காரர்கள் அவசரத்தில் நெருப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் பக்கத்துச் சுவரில் அதன் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள், முப்பது தடவை சுட்ட பிறகும் தரையில் ஒரு காலிக் கூடு கிடப்பதில்லை.