அமினோ அமிலக் குறைநிரப்பி: சொல் விளக்கம்

மருந்துக்கடைகளில் ‘அமினோ ஆசிட் சப்ளிமென்ட்’ என்று கேட்டு வாங்கும் பொடிக்கும் மாத்திரைக்கும் அமினோ அமிலக் குறைநிரப்பி என்பதே பொருந்தும் தமிழ்ப்பெயர் என்று கருதுகிறேன்.

‘அமினோ’வின் வேர் அம்மோனியா. எகிப்தியரின் அமுன் தெய்வத்துக்கு லிபியப் பாலைவனத்தில் இருந்த கோயிலின் அருகே கிடைத்ததாகச் சொல்லப்படும் உப்பு ‘அமுனின் உப்பு’ எனப் பெயர் பெற்றது. அதைக் கொண்டே 1782இல் சுவீடன் வேதியியலாளர் டார்பர்ன் பெர்க்மன் அந்த உப்பிலிருந்து கிடைக்கும் வாயுவுக்கு அம்மோனியா என்று பெயரிட்டார். அந்த உப்பின் பெயர் பின்னர் நவச்சாரத்துக்கு நிலைத்தது. ஈயம் பூசுகிறவர் காய்ந்த பித்தளைப் பானைக்குள் அதைத் தூவித் துணியால் தேய்க்கும்போது மூக்கைத் துளைத்தபடி வெண்புகை எழுவதைப் பார்த்தவர்களுக்கு ‘அமினோ’ அவ்வளவு அந்நியமான சொல் அன்று. ‘அமிலம்’ புளிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. தனித்தமிழில் ‘காடி’ என்பாரும் உண்டு. பாடநூல் வழி பரவிவிட்ட ‘அமினோ அமிலம்’ அப்படியே இருக்கட்டும்.

திருத்த வேண்டியது ‘சப்ளிமென்ட்’. இலத்தீனில் அதற்கு நிரப்புதல் என்று பொருள். வடிவியலில் அதனை ‘மிகைநிரப்பு’ என்கிறோம். உணவில் நிரப்பப்படுவது குறை. உடற்புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களில் 9 உணவிலிருந்தே வர வேண்டும். புண் ஆறும்போது புதிதாகப் பின்னப்படும் கொலாஜன் என்னும் புரத இழையில் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று கிளைசின். தசையை வளர்க்கும் வேலையைத் தூண்டுவது லியூசின் என்னும் அமினோ அமிலம். ஆர்ஜினினையும் குளுட்டமினையும் உடலே செய்துகொள்ளும். கடுமையான தீக்காயத்திலும் பெரிய அறுவையிலும் அந்த உற்பத்தி போதாமல் போகலாம். அங்கேதான் குறை பிறக்கிறது. குறையில்லாத உடலில் மிகுந்த அமினோ அமிலத்தைச் சேமித்து வைக்க இடமில்லை. அதன் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்க, அது சிறுநீரில் வெளியேறிவிடும்.

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு இறங்கியும் பாறை கீறிவிடுகிறது. வீட்டில் அன்றாடம் மீன் சமைத்தால் அந்த 9 அமிலங்களும் தட்டிலேயே இருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கமும் அந்தச் சத்தையே ஊட்டுகிறது. அதே தெருவில் கஞ்சியும் ஊறுகாயுமாக நாள் கழிக்கும் மூதாட்டிக்குப் படுக்கைப்புண் ஆறாமல் கிடந்தால், குறைநிரப்பி என்ற சொல்லுக்கு உரியவர் அவரே. சிறுநீரகக் கோளாறு உண்டா என்று மருத்துவர் பார்த்த பிறகே அவருக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.