இன்ச் டேப்பும் பவுடர் டப்பாவும்

எடை குறைக்க ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், வீட்டில் இருக்கும் பவுடர், மாத்திரை, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை எடுத்து வரச் சொல்வேன். பெரும்பாலும் மேசை நிறைந்துவிடும். சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக் பவுடர், ஜிம்மில் கொடுத்த வே புரோட்டீன், கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்ற கேப்சூல், முடிக்கு ஒரு மாத்திரை, மூட்டுக்கு ஒன்று. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டால் கடைப் பெயர் வராது. பக்கத்து வீட்டு அக்கா, லைன் சூப்பர்வைசர், பங்காளி வீட்டு மாப்பிள்ளை. தெரிந்தவர் வந்து கேட்டால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நமக்கு வராது. அதை வைத்தே இந்த வியாபாரம் திருப்பூர், ஈரோடு, கோவை என்று வளர்ந்திருக்கிறது.

நான் பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி ஆட்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. நடுவில் இரண்டு டீ, கூடவே போண்டாவோ பன்னோ. டெய்லர் உட்கார்ந்தே இருப்பார், செக்கிங் பெண்கள் நின்றே இருப்பார்கள். "நாள் பூரா நின்னுக்கிட்டேதானுங்க டாக்டர் இருக்கறேன், அப்புறம் எப்படீங்க உடம்பு போடுது?" என்ற கேள்வியைக் கேட்காத வாரம் இல்லை. நிற்பதால் கால் வீங்கும், இடுப்பு வலிக்கும். மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைந்தால்தான் அது உடற்பயிற்சி.

எடை மிஷினைவிட இன்ச் டேப்பை நம்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தையல் வேலை நடக்கும் இந்த ஊரில் டேப் இல்லாத வீடு குறைவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் பார்க்க வேண்டும். நம் நாட்டவர்க்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எல்லை, அதாவது சுமார் முப்பத்தைந்தரை இன்ச், முப்பத்தொன்றரை இன்ச். "பேன்ட் சைஸ் பத்து வருசமா 34 தானுங்க" என்பார்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டது, அதனால் சைஸ் மாறவில்லை. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளியபடி சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் வந்தவர்கள் நம்மிடம் ஏராளம்.

ஷேக் குடித்து முதல் வாரமே மூன்று கிலோ குறைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து முதலில் கரையும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதுவும் வெளியே போகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு போவது நடக்கிற காரியமே இல்லை. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் தண்ணீர் திரும்பி வரும். அதற்குள் அடுத்த டப்பாவுக்குப் பணம் கட்டியாகியிருக்கும்.

வேகமாக இளைப்பதற்கு உடம்பு வேறு விலையும் கேட்கும். ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்று சொல்கிறேன். செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண், காலையிலும் இரவிலும் ஷேக் மட்டும் குடித்து நன்றாக இளைத்தார். மூன்றாம் மாதம் சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக முடி வந்தது. பட்டினி போட்ட உடம்பு இரண்டு மூன்று மாதம் கழித்து முடியைக் கொட்டுவது வழக்கம்தான். ஷேக் விற்றவரே அதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் விற்றார். அப்புறம் படபடப்பு என்று லேபில் தைராய்டு பார்த்தார், டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம். தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று மாத்திரை ஆரம்பிக்கும் கட்டத்தில் என்னிடம் வந்தார். அதிக அளவு பயோட்டின், பல லேப்களில் பயன்படுத்தும் பரிசோதனை முறையையே குழப்பி, இதே மாதிரி பொய்யான முடிவைக் காட்டும். அதை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம், தைராய்டு சரியாக இருந்தது. படபடப்புக்குக் காரணம் ரத்தசோகை. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட பயோட்டின் ஏமாற்றும் என்பதால், ரத்தம் கொடுக்கும்போது எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். பட்டினி இளைப்பில் பித்தப்பைக் கல்லும் உருவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேப்சூல்கள்தான் எனக்கு அதிகப் பயம். செறிவூட்டிய கிரீன் டீ சாறு, குடம்புளி வகைச் சாறு ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் குடம்புளியும் டம்ளரில் குடிக்கும் டீயும் வேறு, கேப்சூலில் அடைத்த சாறு வேறு. சிபுட்ரமின் என்ற மருந்து இதயத்தைப் பாதிப்பதால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தியாவிலும் 2011-இல் தடை வந்தது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்ற லேபிளோடு வரும் மெலிவு மாத்திரைகளில் அது கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு என்றால் அன்றைக்கே நிறுத்திவிட்டு வாருங்கள். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவுப் பொருள் விற்க வாங்கிய உரிமம். எடை குறையும் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் கிடையாது.

புரோட்டீன் பவுடர் விஷமில்லை. ஆனால் கேரள மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 36 பவுடர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரதக் கணக்கு சரியாக இல்லை. நமக்குத் தேவை எவ்வளவு? ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். நாலு இட்லியில் எட்டு கிராம் கிடைத்தால் அதிகம். மதியம் ரசம் சாதம், இரவு தோசை என்று ஓட்டினால் புரதம் எங்கிருந்து வரும்?

இவ்வளவுக்கும் நம் சமையலில் இல்லாதது எதுவுமில்லை. ஐம்பது கிராம் கொள்ளை வேகவைத்துக் கடைந்தால் பதினோரு கிராம் புரதம். நாமக்கல் முட்டை ஒன்றில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறு. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழு. கலோரியும் இருப்பதால் கைப்பிடியோடு நிறுத்துங்கள். அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஆழாக்கு அரிசிக்குக் கொஞ்சம் பருப்பு போடுவதை மாற்றி, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போட்டுப் பாருங்கள். ருசி கெடாது, வயிறும் சீக்கிரம் நிறையும். ஊற்றும் நெய்யை மட்டும் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு மாறியதால் இளைப்போம் என்பதும் நடக்காது. கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். கம்பெனி டீயில் இரண்டு வேளைச் சர்க்கரையை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்தப் புரதக் கணக்கைத் தாமாகப் பின்பற்ற வேண்டாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைப்பவர்களும் மருந்து அளவைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழ நேரும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சக் கணக்கு. பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். தசைக்கு வாரம் இரண்டு நாளாவது பயிற்சி வேண்டும் என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் குறையும் எடையில் கால்பங்கு வரை தசையாகவும் போய்விடும்; நாற்பது வயதுக்கு மேல் அதைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை. ஜிம்முக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது: கைப்பிடியில்லாத நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து தடவை, பாதி நிரப்பிய தண்ணீர் கேனை முதுகை வளைக்காமல் தூக்கி இறக்குவது பத்து தடவை. இதை மூன்று சுற்று செய்ய கால்மணி நேரம் போதும். பத்தும் சுலபமாகிவிட்டால் பன்னிரண்டு, பதினைந்து என்று கூட்டுங்கள்.

ஜிம் பையன்களுக்கு ஒரு குறிப்பு. துணை உணவுகளில் நல்ல ஆதாரம் உள்ள ஒரு சிலவற்றில் கிரியேட்டினும் ஒன்று. தினம் 3 முதல் 5 கிராம் போதும். அதைச் சாப்பிடும்போது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க லேபில் அளக்கும் கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். சொல்லாமல் மறைத்தால் கிட்னி போச்சு என்று வீடே அழும். சொல்லிவிட்டால் வேறு பரிசோதனை வைத்து உறுதி செய்வோம்.

இப்போது எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. தகுதியானவர்களுக்கு நல்ல மருந்துதான். மருத்துவர் சீட்டும் கண்காணிப்பும் வேண்டும். இந்த வகையைச் சேர்ந்த செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. ஊசி போட்டாலும் நாற்காலிப் பயிற்சியும் கொள்ளும் வேண்டும்.

இன்னொரு அவசர விஷயம். மாதக்கணக்கில் நடக்காமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறுவதற்குக் கிளம்புகிறார்கள். தெம்புக்கு என்று, ஜிம்மில் பயிற்சிக்கு முன் குடிக்கும், காபீன் நிறைந்த ப்ரீ-ஒர்க்கவுட் பவுடரையும் கலக்கிக் குடிக்கிறார்கள். ஏற்கெனவே வேகமாகத் துடிக்கும் இதயத்தை அது இன்னும் விரட்டும். முதலில் சில வாரம் நடந்து பழகுங்கள்; சென்னிமலையின் 1,320 படிகளை நின்று நின்று ஏறிப் பாருங்கள். நாற்பது தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கிளம்புவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரைப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ அந்தப் படியிலேயே உட்காருங்கள். வாயு என்று சோடா குடித்துவிட்டு மேலே ஏறாதீர்கள். கூட வந்தவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.